நடுவில் நிற்பவன்

நம்கித்தேயின் வேலை விளக்குகளுக்குத் துளை போடுவது. அச்சிலிருந்து எடுத்த மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒட்டி, விளிம்பைச் சீவி, ஈரம் பாதி வாங்கியதும் பலகையில் அடுக்கி அவள் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் நுனி சீவிய நாணல் குழாயை எடுப்பாள். மூக்கில் திரிக்கு ஒரு துளை, மேலே எண்ணெய் ஊற்ற இரண்டு துளை. நாணலைச் செங்குத்தாக நிறுத்தி ஓர் அழுத்து, ஒரு திருகு. வெட்டுப்பட்ட மண் குழாய்க்குள்ளேயே நின்றுகொள்ளும். வாயில் வைத்து ஊதினால் கொண்டைக்கடலை போலத் தெறித்து மடியில் விழும். மாலையில் மடியை உதறி அத்தனையையும் மண் ஊறும் தொட்டியில் கொட்டுவாள். அந்த மண் மறுபடி விளக்காகி அவளிடமே வரும்.

கார்த்தேஜ் பட்டணத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பெரிய ஒலிவப் பண்ணையில் அந்தப் பட்டறை இருந்தது. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பிள்ளை பெற்றதும் அங்கேதான். பண்ணை ஆட்கள் கங்காணியைக் கேட்காமல் பண்ணையை விட்டுப் போகக் கூடாது. அவளுக்கு எங்கும் போகவேண்டி இருக்கவில்லை. அதனால் அந்தச் சட்டம் அவளை உறுத்தியதும் இல்லை.

துளை போடுகிறவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, துளை இடம் தப்பினாலொழிய. விளக்கின் மேல்பக்கத்தில் ஏதாவது ஓர் உருவம் புடைத்து நிற்கும், துளை அதன்மேல் விழக் கூடாது. மீன் விளக்கென்றால் முதுகுக்கு மேலே ஒன்று, வயிற்றுக்குக் கீழே ஒன்று. புறாவுக்கு அலகுக்கு முன்னால் ஒன்று, வாலுக்குப் பின்னால் ஒன்று. ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கும் மேய்ப்பனுக்கு இரண்டு முழங்கைகளுக்கும் வெளியே. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த உருவம் வந்தாலும் முதலில் பார்வையாலேயே தடவிப்பார்த்து 'வலிக்காத இடம்' என்று ஒன்றைக் கண்டுபிடிப்பாள். மண்ணுக்கு ஏது வலி என்று சிரிப்பார்கள். அதனால் வெளியில் சொன்னதில்லை.

அவள் புருஷன் சித்தின்தான் பட்டறைக்கு உருவம் செதுக்குகிறவன். அவன் செதுக்கியதில் அதிகம் விற்றது மூன்று வாலிபர்கள் விளக்கு. ராஜாவின் சிலையைக் கும்பிட மாட்டோம் என்று சொன்னதற்காக எரிகிற சூளையில் தூக்கிப்போடப்பட்டு, கருகாமல் நின்ற மூன்று பேர். உச்சியில் வளைந்த தொப்பியும், வேண்டுதலில் உயர்த்திய கைகளும், காலடியில் தீயுமாக வரிசையாக நிற்பார்கள். வேறெவரைவிடவும் சூளை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கதையின்மேல் ஒரு தனி உரிமை இருந்தது. சூளை பார்க்கும் முத்துன் ஒவ்வொரு தடவை கதவடைக்கும்போதும் சொல்வான்: "மூணு ஆளு உள்ள போயி ஒரு மயிர்கூடப் பொசுங்கல. நான் ஒழுங்கா அடுக்குன விளக்குல பாதி வெடிச்சு வருது. அந்தச் சூளைக்காரன் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கத்துக்குவேன்."

சித்தின் அந்த உருவத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது நம்கித்தே கூழ் கொண்டுபோனாள். மேசையில் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் விரலை வைத்து எண்ணினாள்.

"இவன் யாதேர். இவன் பாரிக். கடைசியில இருக்கவன் மிக்கின்."

"ஏண்டி, இவங்க வேதத்துல வர்ற ஆளுங்க. உம் புள்ளைங்க இல்ல."

"மூணு பேருதானே? மூணும் ஆம்பளைப் பசங்கதானே?"

"இவங்க ராஜா சொன்ன பேச்சையே கேக்காதவங்க."

"அப்பன்னா எம் புள்ளைங்களேதான்" என்றாள் அவள்.

சித்தின் சிரித்த சிரிப்பில் உளி நழுவியதோ என்னவோ, நடுவில் நின்றவனின் தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. பாரிக்கும் அப்படித்தான், எதையோ ஒட்டுக்கேட்பவன் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நடப்பான். "உளி வழுக்கிடுச்சு, வேறொண்ணுமில்ல" என்று சித்தின் சொன்னான். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அந்த விளக்குகள் பலகையில் வந்தால் அவளுக்கு ஒரு சந்தோஷம். யாதேருக்கும் பாரிக்குக்கும் நடுவில் ஒரு துளை, பாரிக்குக்கும் மிக்கினுக்கும் நடுவில் ஒரு துளை. இடைவெளி தாராளமாக இருந்தது. நாணல் யார்மேலும் படாமல் இறங்கும்.

சித்தின் இருமி இருமி ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனான். அடுத்த மழையில் கூரை ஒழுகி, அச்செடுக்க அவன் செதுக்கி அலமாரியில் வைத்திருந்த மூல உருவம் ஊறிப் பிளந்தது. அதிலிருந்து எடுத்த சுதை அச்சுகளும் தேய்ந்துகொண்டே வந்தன. கங்காணி ரொகாத்துஸ் அதற்கு ஒரு சுருக்குவழி சொன்னான்.

"சுட்ட விளக்குல நல்லதா ஒண்ண எடு. அதும்மேல சுதைய ஊத்து. அச்சு தயார். இதுக்குப்போய் செதுக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிக்கிட்டு அலைவாங்களா?"

எல்லாப் பட்டறைகளிலும் செய்வதுதான். ஆனால் மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். சுருங்கிய விளக்கிலிருந்து எடுத்த அச்சில் வார்த்த விளக்கு மறுபடி சுருங்கும். அந்த அச்சும் தேய்ந்தபோது அதே வழியில் இன்னொன்று. இப்படி மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று விளக்குகள் சிறுத்துக்கொண்டே வந்தன. முதலில் விரல்கள் அழிந்தன, பிறகு கண்கள். கடைசியில் மூக்கும் வாயும் போய், தொப்பி போட்ட மூன்று கொழுக்கட்டைகள் நின்றன. நடுவில் இருந்தவனின் தலைச்சாய்வு மட்டும் அழியவில்லை.

எல்லாம் சிறுத்தது. நாணல் சிறுக்கவில்லை.

ஒருநாள் அவள் ஊதித் தெறித்த மண்துண்டில் மேடாக ஏதோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு கை. நடுவில் நின்றவனின் உயர்த்திய கை, முழங்கையோடு. விளக்கைப் பார்த்தாள். அடுத்த பக்கத்துத் துளையும் அவன் விலாவைக் கொஞ்சம் கடித்திருந்தது. இரண்டு துளைக்கும் நடுவில் நிற்பவன் அவன் ஒருவன்தானே. அன்றைக்கு அது அவளுக்கு வெறும் வேலைப் பிழை. "சே" என்று சொல்லிவிட்டு அடுத்த விளக்கை எடுத்தாள்.

அறுவடை முடிந்த மாதத்தில், கழுதைக்காரன் சபோனோடு துறைமுகப் பட்டணத்துக்குச் சரக்கு கொண்டுபோகப் பாரிக்கை அனுப்பினார்கள். விளக்குகளை வைக்கோல் வைத்துக் கூடைகளில் அடுக்கிக்கொண்டே அவன் சொன்னான்:

"கடலைப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்றேம்மா."

"அதுல என்னடா இருக்கு? தண்ணி."

"நீ பாத்திருக்கியா?"

"நான் தண்ணியே பாத்ததில்லையா?"

"சரி, அப்ப உனக்குச் சொல்ல மாட்டேன். மிக்கினுக்கு மட்டும்தான் சொல்வேன்" என்று தலையைச் சாய்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

சபோன் திரும்பி வந்தான். கழுதைகளும் இல்லை, பாரிக்கும் இல்லை. பட்டறை வாசலில் நின்றவன் உள்ளே வரவே இல்லை.

"ஊத்துக்கிட்ட கழுதைங்களுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தோம்க்கா. எனக்கு வயித்தக் கலக்குச்சு, புதர்ப்பக்கம் ஒதுங்குனேன். சத்தம் கேட்டுச்சு. சிப்பாய்ங்க மாதிரி உடுப்பு, ஆனா சிப்பாய்ங்க இல்ல. ஊளையிட்டுக்கிட்டே வந்தானுங்க. ஊத்துல தண்ணி மொண்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க, புள்ளைங்க, இவன், எல்லாரையும் கயித்துல கோத்தானுங்க. நான் அசையவே இல்லக்கா. என்னைக் கொல்லணும்னா கொல்லு."

அவள் அவனைக் கொல்லவில்லை. "எந்தப் பக்கமா கூட்டிட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கடல் பக்கம்" என்றான்.

அந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆள்பிடிக்கிறவர்கள் மலைக்கிராமங்களில் இறங்கி, கிடைத்தவர்களைக் கட்டி இழுத்துப்போய் வியாபாரிகளிடம் விற்பார்கள். வியாபாரிகள் கப்பலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். சுதந்திரமான ஆளை அடிமையாக விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை. ரொகாத்துஸ் "மேலிடத்துக்குச் சொல்லியிருக்கேன்" என்றான். கழுதைகளையும் சேர்த்துத்தான் சொன்னான்.

அவனைப் பிடித்த அன்று காலையிலிருந்து தன் முன்னால் என்ன விளக்கு இருந்தது என்று அவள் யோசித்தது எப்போது என்று சொல்ல முடியாது. யோசித்தபின் அதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பாரிக்கை ஊற்றருகே பிடித்த நாளில் மூன்று வாலிபர்கள்தான் பலகை பலகையாக வந்தார்கள். பொழுது சாயும்வரை அவள் அவன் கையை வெட்டினாள், விலாவைக் குத்தினாள், ஊதித் துப்பினாள்.

முட்டாள்தனம் என்று அவளுக்கே தெரியும். முட்டாள்தனம் என்று தெரிந்ததாலேயே ஒரு நினைப்பு போய்விடுமா? மறுநாள் பலகை வந்தது. நாணலை எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தியதால் துளை இன்னும் மோசமாக விழுந்தது. அன்று மாலை மடியை உதறும்போது, அவன் கை ஒட்டியிருந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்து ஓர் உடைந்த கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். அதைத் தொட்டியில் கொட்டி மிதித்துக் குழைக்க அவளால் முடியவில்லை.

ரொகாத்துஸிடம் போய் நின்றாள். "ஐயா, மெல்லிசான நாணலா ஒண்ணு வெட்டிக்கட்டுமா? துளை பெருசா விழுந்து உருவத்தைக் கெடுக்குது."

"எந்த உருவத்தை? மூஞ்சியே இல்லாத ஆளுக்கு அழகு என்ன கெட்டுப்போச்சு?"

"வாங்குறவங்க பாப்பாங்கல்ல."

"வாங்குறவன் ஏத்தி மாடத்துல வைப்பான். சுடரைப் பாப்பானா, அதுக்குப் பின்னாடி இருக்கிற தொப்பியைப் பாப்பானா?" ரொகாத்துஸ் கெட்டவனில்லை, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். "போன குளிருக்கு முன்னாடி நீ வராத நாள்ல ஒருத்தி சின்னத் துளையா போட்டு அனுப்புனா, ஞாபகம் இருக்கா? குளிர்ல எண்ணெய் நெய் மாதிரி உறைஞ்சு நின்னுக்கிச்சு. ஒரு சொட்டு உள்ள போகல. கோயில்லேர்ந்து அத்தனையும் திருப்பி அனுப்புனாங்க. விளக்கு எதுக்கு? எரியறதுக்கு. போ."

அவள் வேறு வழி தேடினாள். மூவரின் காலடியில் தீ இருக்கிறது; தீக்கு என்ன வலிக்கப்போகிறது? யாரிடமும் கேட்காமல் ஒரு பலகை முழுக்க இரண்டு துளையையும் தீயிலேயே போட்டாள். மூவரும் முழுசாக நின்றார்கள். அன்று அவள் மிக்கினோடு உட்கார்ந்து ரொட்டியை எண்ணெயில் தொட்டு வயிறாரத் தின்றாள். என்னம்மா, ஏதாச்சும் சேதி வந்துச்சா என்று அவன் கேட்டான். இல்லையென்று தலையாட்டினாள்.

சூளை பிரித்த அன்று முத்துன் கைநிறைய ஓட்டுத்துண்டுகளோடு வந்தான். "மதினி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? எல்லாம் காலடியில வாயைப் பொளந்துக்கிட்டு வருது."

துளை ஓரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் விழுந்தால், வேகும்போது துளையிலிருந்து விளிம்புவரை மண் கீறிவிடும். அது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இந்தத் தடவை அப்படி நடக்காது என்று எப்படியோ நம்பிவிட்டாள். ரொகாத்துஸுக்குத் தெரியாமல் முத்துன் துண்டுகளைக் குழியில் தள்ளினான்.

"ஒரு தடவை மறைக்கலாம். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவனுக்காகவா?" என்று கேட்டான். முத்துனுக்கு அந்த மூன்று பேரின் பெயர்கள் தெரியும். சித்தின் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அவள் நாணலின் நுனியை மடியில் துடைத்தாள்.

இனி மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு துளையையும் வெளிப்பக்கமாக நகர்த்தினால் பாரிக் தப்புவான். ஆனால் இடதுபக்கத் துளை யாதேரின் தோளில் விழும், வலதுபக்கத் துளை மிக்கினின் தோளில். அவள் விளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாதேர் வெளியில் மண் மிதித்துக்கொண்டிருந்தான். அவன் சீழ்க்கை உள்ளே கேட்டது. மிக்கின் காட்டில் விறகு வெட்டப் போயிருந்தான். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், ஆளுக்கொரு சிராய்ப்பைத் தாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று நினைத்தாள். தூரத்தில் இருப்பவனுக்குத்தானே ஆள் இல்லை? நாணலை வெளிப்பக்கம் நகர்த்தி அழுத்தினாள்.

மறுநாள் மிக்கினைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான் முத்துன். கோடரி வழுக்கிப் பாதத்தில் இறங்கியிருந்தது.

"கால்தாம்மா, கழுத்தில்ல. ஏன் இப்படிக் கத்துற?" என்றான் மிக்கின், உதட்டைக் கடித்துக்கொண்டு.

துளை விழுந்தது தோளில், கோடரி விழுந்தது காலில். கணக்கு சரிவரவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன? காயத்தைக் கழுவி, எண்ணெய் தடவி, துணி சுற்றிவிட்டுப் பட்டறைக்குப் போனாள். பலகை காத்துக்கொண்டிருந்தது. துளைகளை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். மடியில் கைகள் விழுந்தன. பாரிக்கின் பெயரைச் சொல்லி "மன்னிச்சுக்கடா, மன்னிச்சுக்கடா" என்று ஒவ்வொரு விளக்குக்கும் முணுமுணுத்தாள். பக்கத்தில் விளிம்பு சீவியவர்கள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போனபின் கிரெஸ்கன் சாமியாரிடம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பண்ணைக் கோயிலுக்கு வந்துபோகும் சாமியார் அவர், ஒல்லியான மனுஷன். கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நம்கித்தே, அந்த மூணு பேரும் வேதத்துல இருக்கிறவங்க. உன் பலகையில இருக்கிறது மண்ணு. உம் மகன் ரெண்டுலயும் இல்ல."

"தெரியும் சாமி."

"நீ குத்தினா ஆள்பிடிக்கிறவன் கயிறு கட்டுவான், நீ நிறுத்தினா அவுத்துவிடுவான்னா, அதிகாரி எதுக்கு, ஆயர் எதுக்கு? உன்னையே கொண்டுபோய்த் துறைமுகத்துல உக்கார வெச்சிருக்கலாமே. கப்பல் ஒண்ணாவது கிளம்புமா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அவன் எங்க இருக்கான்னு தெரியல சாமி. எங்க போய் யாரைக் கேக்கறதுன்னும் தெரியல. இந்தக் கை இருக்கிற இடத்துல மட்டும்தான் அவன் எனக்குத் தெரியறான்."

சாமியார் கோயில் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ஒரு சேதி சொன்னார். துறைமுகப் பட்டணத்தில் கோயில் ஜனங்கள் திரண்டுபோய் ஒரு வியாபாரியின் கப்பலில் இருந்தவர்களை இறக்கிவிட்டார்களாம். சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்டினால் அனுப்பிவைக்கிறார்களாம். "இதை முதல்லயே சொல்லியிருப்பேன். வீணா ஆசை காட்டிட்டேன்னு ஆயிடக் கூடாதேன்னு பாத்தேன்."

யாதேர் போக வேண்டும். அதற்குக் கங்காணியின் அனுமதி வேண்டும். ரொகாத்துஸ் தாடையைச் சொறிந்துகொண்டே, "போகட்டும். சும்மா போவானேன்? அங்க புது விளக்கு வந்திருக்காம், மணி பதிச்ச மாதிரி பெரிய சிலுவை போட்டது. நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லு. உடையாம வரணும்" என்றான்.

கிளம்பும்போது யாதேர் அவள் தோளைத் தொட்டான். "நான் சாலை வழியா போக மாட்டேம்மா. மலை ஓரமாவே போறேன். நீ சாப்பிடு."

இப்போது பலகையில் இருந்த மூவரில் ஒருவன் எங்கே என்று தெரியாது, ஒருவன் வழியில், ஒருவன் காலில் கட்டோடு பாயில். வலிக்காத இடம் என்று விளக்கில் எதுவும் மிஞ்சவில்லை. அவள் நாணலைக் கீழே வைத்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது, முடியவில்லை என்று ரொகாத்துஸிடம் சொன்னாள். அவன் மறுபேச்சு பேசாமல் செக்கிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அவள் இடத்தில் உட்காரவைத்தான்.

நம்கித்தே எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பெண் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குத்தினாள். ஒரு துளை நடுவில் நின்றவனின் நெஞ்சில். ஒரு துளை மிக்கினின் முகத்தில். அடுத்த விளக்கில் யாதேரின் தலையே இல்லை.

"பாத்துப் போடும்மா."

"என்னத்தப் பாக்குறது அக்கா? ரெண்டு ஓட்டைதானே?"

ஒரு பலகை முடியும்வரை நம்கித்தே பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"குடு இங்க. எந்திரி."

"மணிக்கட்டு?"

"சரியாயிடுச்சு."

மறுபடி உட்கார்ந்தாள். செய்தாலும் விழுகிறது, செய்யாவிட்டாலும் விழுகிறது. தான் செய்தால் மயிரிழையாவது தள்ளி விழும் என்பதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. நடுவில் இருப்பவனின் ஒரு கையை ஒரு விளக்கில், மறு விலாவை இன்னொன்றில், மூத்தவனின் தோள்நுனியை ஒன்றில், இளையவனின் சட்டை ஓரத்தை ஒன்றில் என்று பங்குபோட்டுக் குத்தினாள். யாருக்கும் அதிகம் வலிக்காமல் எல்லோருக்கும் கொஞ்சம். உடைந்த கிண்ணம் நிறைந்து, இன்னொரு கிண்ணம் வந்தது.

யாதேர் திரும்பி வந்தபோது தனியாகத்தான் வந்தான். வெயிலில் தோல் உரிந்திருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தான். அவள் கேட்கவில்லை. மிக்கின்தான் நொண்டிக்கொண்டு வந்து கேட்டான்.

"பாத்தியா?"

"கோயில் முற்றத்துல எல்லாரையும் உக்கார வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். திரும்ப முதல்லேர்ந்து பாத்தேன். இல்ல." யாதேர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவங்கள்லாம் வேற கப்பலாம். அதுக்கு முன்னாடியே ஒண்ணு கிளம்பிப் போயிடுச்சாம். மலைக்காரி ஒருத்தி சொன்னா, அதுல ஏத்துன கூட்டத்துல தலையச் சாய்ச்சுக்கிட்டு ஒருத்தன் இருந்தானாம். புள்ளைங்க அழுதா எதாவது கிறுக்குத்தனமா சொல்லிச் சிரிக்க வெப்பானாம்."

"அவனேதான்" என்றான் மிக்கின்.

"எத்தனையோ பேர் தலையச் சாய்ப்பாங்க. பேரு கேட்டேன், அவளுக்குத் தெரியல. கப்பல் எங்க போச்சுன்னு துறைமுகத்துல கேட்டேன். ஒருத்தன் ஒரு ஊரைச் சொன்னான், இன்னொருத்தன் இன்னொரு ஊரைச் சொன்னான். மூணாவது ஆளு எம்மேல கல்லெடுத்தான்."

மிக்கின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பிறகு நம்கித்தே முதல்முறையாக வாய்திறந்தாள்.

"கடல் எப்படி இருந்துச்சு?"

யாதேர் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை.

"தண்ணிதாம்மா" என்றான்.

அவன் பையில் வைக்கோல் சுற்றிய ஒரு விளக்கு இருந்தது. உடையாமல் வந்திருந்தது. ரொகாத்துஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அடேயப்பா, கோடு எப்படி நிக்குது பாரு" என்றான். அன்றைக்கே அதன்மேல் சுதை ஊற்றினார்கள். மூன்று வாலிபர்கள் அச்சுகளை இனி வைத்து என்ன செய்வது என்று சுவரோரமாகப் போட்டு உடைத்து, பாதை மேட்டில் கொட்டினார்கள். போகும்போது ரொகாத்துஸ் அவளருகில் நின்றான்.

"சாமியார் எங்கிட்டச் சொன்னாரு, உனக்கு அந்த விளக்கு ஒத்துக்கலன்னு. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இனிமே தொல்லையில்ல. சிலுவைக்கு ரெண்டு பக்கமும் நெறைய இடம்."

நல்ல மனசோடுதான் சொன்னான். அவள் "சரிங்கையா" என்றாள்.

"அந்தக் கிண்ணத்துல என்ன மண்ணு காய்ஞ்சு கெடக்கு? தொட்டியில போடு, வீணாகுது."

அவள் இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியோரம் நின்றாள். மறுப்பதற்குக் காரணம் தேடினாள். சொல்கிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. கொட்டினாள். காய்ந்த துண்டுகள் தண்ணீரில் நுரைத்துக் கரைந்தன. யாதேர் இடுப்புத்துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கி மிதிக்கத் தொடங்கினான்.

ஈரம் பாதி வாங்கிய சிலுவை விளக்குகள் முதல் பலகையாக வந்தன. புது அச்சு, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் பழக்கத்தில் பார்வையை ஓட்டி இடம் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. சிலுவைக்கு இந்தப் பக்கமும் வெற்று மண், அந்தப் பக்கமும் வெற்று மண். நாணலை வைத்தாள், அழுத்தினாள், திருகினாள். ஊதினாள். மடியில் விழுந்த துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது, மேடு இல்லை, கை இல்லை, ஒன்றும் இல்லை.

இதுவரை தன்னால்தான் அவனுக்கு வலிக்கிறது என்று நினைத்திருந்தாள். எங்கோ ஒரு கப்பலிலோ, பெயர் தெரியாத ஊரில் யாரோ ஒருவன் வீட்டிலோ பாரிக்குக்கு இன்றைக்கும் ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கும். அதில் அவள் கை எங்கேயும் படவில்லை.

"என்ன மதினி, புது விளக்கு எப்படி?" என்று வாசலிலிருந்து முத்துன் கேட்டான்.

"சுலபமா இருக்கு" என்றாள் நம்கித்தே. அடுத்த விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.